அமெரிக்கக் கோடை முகாமில் கவுன்சலர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ன் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை முகாமில் இரண்டு கோடைகள் கவுன்சலராக இருந்தேன். ஊர் திரும்பிய நாளிலிருந்து உறவுக்காரப் பிள்ளைகளும், அவர்களுடைய சிநேகிதர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மா அப்பாக்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். விசா எப்படி, சம்பளம் எவ்வளவு என்றுதான் பேச்சு தொடங்கும். குழந்தைகளைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் காத்திருப்பேன். இந்த வேலையில் முதலும் முடிவும் அவர்கள்தான். அதனால் எல்லோரும் கேட்ட கேள்விகளோடு, கேட்டிருக்க வேண்டிய சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

நம் ஊரில் நடக்கும் சம்மர் கேம்ப் போன்றதுதானா?

நம் ஊரில் சம்மர் கேம்ப் என்றால் காலையில் போய் ஓவியமோ கிரிக்கெட்டோ கற்றுக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவது. அமெரிக்காவிலும் அப்படிப் பகல் முகாம்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கவுன்சலர்கள் பெரும்பாலும் போவது தங்கும் முகாம்களுக்கு. அங்கே பள்ளிகளுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீண்ட விடுமுறை. குழந்தைகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். ஒரு வாரத்திலிருந்து ஏழெட்டு வாரம் வரை காட்டுக்குள், ஏரிக்கரையில், மரக் கேபின்களில் தங்குவார்கள். பல முகாம்களில் கைபேசி கிடையாது. வீட்டுக்குக் கடிதம்தான்.

இது அவர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம். கனெக்டிகட் மாநிலத்தில் பள்ளி நடத்திய ஃபிரெடரிக் வில்லியம் கன் என்ற ஆசிரியர் 1861 இல் தம் மாணவர்களைக் கடற்கரைக்கு நடத்தியே அழைத்துப்போய்க் கூடாரத்தில் தங்க வைத்தார். அதையே முதல் முகாமாகச் சொல்கிறார்கள். 1885 இல் தொடங்கிய டட்லி முகாம் இன்றும் நியூயார்க் மாநிலத்தின் சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் நடக்கிறது. பாட்டி படுத்த அதே கேபினில் பேத்தி வந்து படுக்கும் குடும்பங்கள் உண்டு. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க்கின் அடிரோண்டாக் மலைகள், பென்சில்வேனியாவின் போகோனோ மலைகள், விஸ்கான்சின், மிச்சிகன், வட கரோலினாவின் மலைப்பகுதி ஆகிய இடங்களில் முகாம்கள் நிறைய.

கவுன்சலர் என்றால் மனநல ஆலோசகரா?

பெயர்தான் அப்படி. உங்கள் கேபினில் படுத்துறங்கும் குழந்தைகளுக்கு அந்தக் கோடை முழுவதும் நீங்கள் அக்கா அல்லது அண்ணன். பகலில் நீச்சல், வில்வித்தை, கைவினை, நாடகம், படகு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொடுப்பீர்கள். சிலரை அந்தப் பயிற்சிக்காகவே எடுப்பார்கள். அவர்களும் இரவில் கேபினில்தான் தங்க வேண்டியிருக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஏழு, ஏழரைக்கு மணி அடிக்கும். எட்டு வயதுக் குழந்தைகள் பத்துப் பேரை எழுப்பி, பல் துலக்க வைத்து, மறந்துபோன சாக்ஸைத் தேடிக் கொடுத்து, கொடிக்கம்பத்துக்கு அழைத்துப்போக வேண்டும். பிறகு காலை உணவு. அது முடிந்தால் கேபினைக் கூட்டிப் பெருக்குதல்; யார் எந்த வேலை என்று சுழற்சி அட்டவணை சுவரில் தொங்கும். பகல் முழுவதும் ஒரு மணி நேர வகுப்புகள். மதியம் உண்டபின் ஒரு மணி நேரம் எல்லோரும் படுக்கையில் இருக்க வேண்டும். தூங்கலாம், படிக்கலாம், கடிதம் எழுதலாம். மாலையில் மீண்டும் ஏரி. இரவு உணவுக்குப் பிறகு பாட்டு, நாடகம், தீ மூட்டிச் சுற்றி உட்காருதல். ஒன்பது மணிவாக்கில் விளக்கணைப்பு. அதன்பின் சில கவுன்சலர்களுக்கு ஓய்வு. முறைக்காரர்கள் கேபின் திண்ணையில் காவல் இருப்பார்கள்.

பெரும்பாலான முகாம்களில் வாரத்துக்கு ஒரு முழு நாள் விடுப்பும் நாளுக்கு ஓரிரு மணி நேர ஓய்வும் கிடைக்கும். மற்ற நேரமெல்லாம் நீங்கள் வேலையில்தான் இருக்கிறீர்கள். நள்ளிரவில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தால் எழுந்திருப்பவர் நீங்கள். படுக்கையை நனைத்துவிட்ட குழந்தையின் விரிப்பை, மற்றவர்கள் விழிக்கும் முன் சத்தமில்லாமல் மாற்றிவிடுபவரும் நீங்கள். அதைச் செய்யும் விதத்தில்தான் அந்தக் குழந்தையின் மானம் இருக்கிறது. முகாமுக்குப் போவதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாத பாடம் இது.

யார் விண்ணப்பிக்கலாம்?

18 வயது நிறைந்திருக்க வேண்டும். கல்லூரி மாணவர், ஆசிரியர், இளைஞர் பணியில் இருப்பவர், அல்லது ஏதேனும் ஒரு துறையில் தனித்திறமை உள்ளவர் என்ற நான்கில் ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வரவேண்டும். வேலைக்காலம் அதிகபட்சம் நான்கு மாதம்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் கோடை விடுமுறை வருவது சித்திரை வெயிலில். முகாம்கள் நடப்பது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை, அதாவது இங்கே வகுப்புகள் தொடங்கிவிடும் காலம். இறுதியாண்டு முடித்து மேற்படிப்புக்கோ வேலைக்கோ இடைவெளி கிடைத்தவர்களுக்குத்தான் இது வசதியாக அமையும். நடுவில் படிப்பவர்கள் வருகைப்பதிவைப் பற்றிக் கல்லூரியில் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

எந்த விசாவில் போக வேண்டும்? டூரிஸ்ட் விசா போதாதா?

போதவே போதாது. டூரிஸ்ட் விசாவில் போய் முகாமில் வேலை பார்க்கலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது சட்டவிரோதம். பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அடுத்து எந்த அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கறை கூடவே வரும்.

இந்த வேலைக்கென்றே ஜே-1 விசாவில் ‘கேம்ப் கவுன்சலர்’ என்ற தனிப்பிரிவு இருக்கிறது. 1961 இல் இயற்றப்பட்ட கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் அடிப்படையில் நடக்கும் திட்டம் இது. முகாம் நேரடியாக விசா தர முடியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் ஒன்று நடுவில் இருக்க வேண்டும். 1969 முதல் இயங்கும் கேம்ப் அமெரிக்கா, இன்டர்எக்ஸ்சேஞ்ச், சிசியுஎஸ்ஏ போன்றவை பெயர் தெரிந்தவை. எல்லா ஸ்பான்சர்களும் எல்லா நாடுகளிலிருந்தும் ஆள் எடுப்பதில்லை; இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ எடுக்கிறார்களா என்பதை முதலில் கேளுங்கள். முழுப் பட்டியல் வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் இருக்கிறது. உங்களிடம் பேசும் ஏஜென்ட் எந்த ஸ்பான்சருக்காகப் பேசுகிறார் என்று கேட்டு, அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சமையலறை வேலைக்கும் இதே விசாவா?

இல்லை. கவுன்சலர் விசாவில் வருபவரைச் சமையலுக்கோ, பாத்திரம் கழுவவோ, துப்புரவுக்கோ, அலுவலக வேலைக்கோ அமர்த்தக்கூடாது என்பது விதி. சாப்பிட்ட மேசையைக் குழந்தைகளோடு சேர்ந்து துடைப்பது எல்லோரும் செய்வது; அது வேறு. ஆனால் நாள் முழுவதும் உங்களைச் சமையலறையில் நிறுத்தினால் ஸ்பான்சரிடம் சொல்லுங்கள். சமையலறை, பராமரிப்பு வேலைகளுக்கு மாணவர்கள் மட்டும் போகக்கூடிய ‘சம்மர் வொர்க் டிராவல்’ என்ற வேறு ஜே-1 பிரிவு இருக்கிறது.

எப்போது தொடங்க வேண்டும்? என்ன வரிசையில் நடக்கும்?

முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபரிலேயே தொடங்குங்கள். ஸ்பான்சரிடம் விண்ணப்பம், அவர்களுடைய நேர்காணல், பிறகு முகாம் இயக்குநரோடு வீடியோ நேர்காணல். பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது உங்களைக் குழந்தைகளோடு பார்த்தவர் எழுதியதாக இருந்தால் நல்லது. பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகக் காவல்துறைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும் என்பதால் வேலை உறுதியாகும் வரை காத்திருக்காதீர்கள்.

முகாம் உங்களைத் தேர்ந்தெடுத்ததும் ஸ்பான்சர் டிஎஸ்-2019 என்ற படிவத்தை அனுப்புவார்; நீங்கள் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருப்பதற்கான சான்று அது. அந்தப் படிவம் கையில் வந்தபிறகுதான் விசா விண்ணப்பம். இணையத்தில் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களையும் பரிமாற்றத் திட்டத்தில் வருபவர்களையும் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் முறை) கட்டணம் 35 டாலர், விசா கட்டணம் 185 டாலர் கட்ட வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் விரல் ரேகைக்கும் புகைப்படத்துக்கும் ஒரு நாள், அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு ஒரு நாள் என்று இரண்டு முறை போக வேண்டும்.

விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். எந்த முகாம், என்ன வேலை, திரும்பி வந்து என்ன செய்வீர்கள் என்ற மூன்றைச் சுற்றித்தான் கேள்விகள். நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அமெரிக்கச் சட்டப்படி உங்களுடையது. மேற்படிப்பு அனுமதிக் கடிதம், விடுப்புக் கடிதம் போன்றவை இருந்தால் எடுத்துப்போங்கள். மனப்பாடம் செய்த பதில் வேண்டாம். முகாமின் பெயரையும் ஊரையும் வயதுக் குழுவையும் தெரிந்து வைத்துக்கொண்டு, குழந்தைகளோடு செய்யப்போகும் வேலையை இயல்பாகச் சொல்லுங்கள்.

2025 ஜூன் முதல் ஜே விசா விண்ணப்பதாரர்கள் தங்கள் சமூக வலைதளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. இன்னொன்று: விசா கையில் வரும் வரை இருக்கும் வேலையை விடாதீர்கள், மாற்ற முடியாத டிக்கெட் எடுக்காதீர்கள். 2020 ஜூனில் அமெரிக்க அதிபரின் ஒரே ஆணையில் கேம்ப் கவுன்சலர் விசாக்கள் நிறுத்தப்பட்டன. 2021 மார்ச் இறுதி வரை அந்தத் தடை நீடித்தது.

மருத்துவப் படிவத்தில் காசநோய்ப் பரிசோதனை கேட்கிறார்களே, என்ன செய்வது?

இது நம் ஊர்க்காரர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி. நமக்கெல்லாம் பிறந்த உடனே பிசிஜி ஊசி போட்டிருப்பார்கள். கையில் ஊசி குத்திப் பார்க்கும் தோல் பரிசோதனையில், அந்தத் தடுப்பூசி காரணமாகவே நோய்த்தொற்று இருப்பது போலக் காட்டக்கூடும். அங்கே போய் அப்படி வந்தால் எக்ஸ்ரே, தனிமை என்று அலைக்கழியும். இக்ரா எனப்படும் இரத்தப் பரிசோதனையைப் பிசிஜி பாதிக்காது. முகாமின் செவிலியரிடம் மின்னஞ்சலில் கேட்டு, அவர்கள் ஏற்றுக்கொண்டால் இங்கேயே அதைச் செய்து முடிவைக் கையோடு கொண்டுபோங்கள். தட்டம்மை, ரணஜன்னி போன்ற தடுப்பூசிகள் போட்டதற்கான சான்றையும் கேட்பார்கள். சிறுவயதுத் தடுப்பூசி அட்டை அலமாரியின் எந்த மூலையில் இருக்கிறது என்று அம்மாவிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

சம்பளம் எவ்வளவு? பணம் மிஞ்சுமா?

மணிக்கு இவ்வளவு என்று எண்ணிப் போகாதீர்கள். ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் குறைந்தபட்ச ஊதியத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. பல முகாம்கள் அந்த விலக்கின் கீழ் வருவதால் கோடை முழுமைக்கும் ஒரு தொகை என்று ஒப்பந்தம் போடுவார்கள். தங்குமிடமும் சாப்பாடும் முகாமே தரும். அதே வேலை பார்க்கும் அமெரிக்கருக்கு என்ன ஊதியமோ, என்ன சலுகையோ, அதற்கு இணையாக உங்களுக்கும் தர வேண்டும் என்பது விசா விதி.

ஒப்பந்தத் தொகை 2,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வாரத்துக்குப் பிரித்தால் வாரம் சுமார் 222 டாலர். ஸ்பான்சர் கட்டணம், காப்பீடு, மேலே சொன்ன செவிஸ், விசா கட்டணங்கள் சேர்ந்து 220 டாலர், விமான டிக்கெட் எல்லாவற்றையும் கழித்தால் கையில் என்ன நிற்கும் என்று நீங்களே தாளில் எழுதிப் பாருங்கள். டிக்கெட்டை யார் தருகிறார்கள் என்பதுதான் கணக்கையே புரட்டிப் போடும் விஷயம். அதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். கடன் வாங்கிக்கொண்டு போய்ச் சம்பாதித்து அடைக்கலாம் என்று யாராவது நினைத்தால், வேண்டாம் என்றே சொல்வேன்.

வரியைப் பற்றி ஒன்று. ஜே-1 இல் இருப்பவர்களிடம் ஓய்வூதியத்துக்கும் முதியோர் மருத்துவத்துக்குமான சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி (மொத்தம் 7.65 சதவீதம்) பிடிக்கக்கூடாது. வருமான வரி உண்டு. சம்பளச் சீட்டைப் படியுங்கள்; பிடித்திருந்தால் முகாம் அலுவலகத்தில் சொல்லித் திரும்பப் பெறுங்கள். அடுத்த ஆண்டு வரிப்படிவம் அனுப்ப வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் இந்திய முகவரியை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

குழந்தைகளைக் கவனித்த அனுபவம் எனக்கு இல்லையே?

நன்றாக யோசித்துப் பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் சித்தி பிள்ளைகளுக்குச் சோறூட்டியிருப்பீர்கள், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருப்பீர்கள், என்எஸ்எஸ் முகாமுக்குப் போயிருப்பீர்கள். அதெல்லாம் அனுபவம்தான், விண்ணப்பத்தில் எழுதுங்கள். அப்படி எதுவுமே இல்லை, குழந்தைகள் சத்தம் போட்டால் தலை வலிக்கும், ஆனால் அமெரிக்காவைப் பார்க்க ஆசை என்றால், இந்த வழி உங்களுக்கானது அல்ல. உங்களுக்கு அது ஒன்பது வாரத் தண்டனை. குழந்தைக்கோ ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருந்த ஒரே கோடை.

எனக்கு நீச்சல் தெரியாது. பரவாயில்லையா?

நீச்சல் பயிற்சியாளராகப் போகாதவரை பரவாயில்லை. ஆனால் விண்ணப்பத்தில் பொய் சொல்லாதீர்கள். கிணற்றில் குதித்துப் பழகியவர்களும் ‘நன்றாக நீந்துவேன்’ என்று எழுதுவதற்கு முன் யோசிக்க வேண்டும். உயிர்காப்பாளர் வேலைக்குத் தனிச் சான்றிதழ் உண்டு. பல முகாம்கள் குழந்தைகள் வருவதற்கு முந்தைய பயிற்சி வாரத்தில் அதற்கு ஏற்பாடு செய்யும்.

நீந்தத் தெரியாவிட்டாலும் ஏரிக்கரையில் உங்களுக்கு வேலை இருக்கும். எங்கள் முகாமில் கரையோரம் ஒரு மரப்பலகையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வில்லை தொங்கும். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. தண்ணீரில் இறங்கும்போது சிவப்பைத் திருப்ப வேண்டும், ஏறும்போது வெள்ளையை. ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்தால் ஜோடிகள் கைகோத்துத் தூக்கிக் காட்டுவார்கள், நாங்கள் எண்ணுவோம்.

ஒரு மாலை எல்லோரும் கரையேறிய பிறகும் ஒரு வில்லை சிவப்பாகவே தொங்கியது. நீண்ட விசில். ஏரிக்கரையில் இருந்த குழந்தைகளையெல்லாம் ஓரிடத்தில் உட்கார வைத்தார்கள். நாங்கள் பதினைந்து பேர் கைகளைக் கோத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில், பாதத்தால் தரையைத் துழாவியபடி வரிசையாக நடந்தோம். உயிர்காப்பாளர்கள் ஆழத்தில் மூழ்கித் தேடினார்கள். என் காலில் ஏதோ மென்மையாகப் பட்டபோது இதயம் நின்றுவிட்டது, அது நீர்ப்பாசி. நான்கு நிமிடம் கழித்து அந்தச் சிறுமி கேபினில் தலை துவட்டிக்கொண்டிருக்கிறாள் என்று செய்தி வந்தது. வில்லையைத் திருப்ப மறந்திருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. அடுத்த நாள் காலை முகாம் முழுவதும் வில்லை திருப்பும் பயிற்சியை முதலிலிருந்து மறுபடி செய்தோம்.

வீட்டு நினைவில் அழும் குழந்தையை எப்படிச் சமாளிப்பது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான், இதை இதுவரை ஒருவர்தான் கேட்டிருக்கிறார்.

பகலில் அழமாட்டார்கள். ஓடவும் விளையாடவும் நேரம் சரியாக இருக்கும். மதிய ஓய்வு நேரமும் விளக்கணைத்த பிறகான அரைமணியும்தான் கண்டம். முதல் வாரம் அந்த இரண்டு நேரங்களிலும் நீங்கள் எங்கும் போகாதீர்கள். ‘அழாதே’ என்று சொல்லாதீர்கள். அம்மாவை நினைத்து அழுவது குற்றமில்லை. ‘பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்றும் சொல்லாதீர்கள். சொன்னால் அடுத்த நிமிடத்திலிருந்து குழந்தை அதற்காக மட்டுமே காத்திருக்கும். கேளுங்கள், கடிதம் எழுத வையுங்கள், மறுநாள் காலையில் செய்ய ஒரு சின்னப் பொறுப்பைக் கொடுங்கள். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும். சாப்பிடவில்லை, தூங்கவில்லை என்றால் தாமதிக்காமல் மேலாளரிடமும் செவிலியரிடமும் சொல்ல வேண்டும்.

என் முதல் கோடையின் இரண்டாம் இரவு, எட்டு வயதுக் குழந்தை ஒருத்தி டார்ச்சைப் போர்வைக்குள் எரியவிட்டபடி விசும்பிக்கொண்டிருந்தாள். ஏரியிலிருந்து நீளமான ஓர் ஊளை வந்தது. “ஓநாயா?” என்றாள். மெய்ன் ஏரிகளில் லூன் என்று ஒரு நீர்ப்பறவை இருக்கிறது. அதன் இரவுக் குரல் அப்படித்தான் இருக்கும். எனக்கும் முதல் நாள் அதைக் கேட்டு வயிறு கலங்கியிருந்தது, அதை அவளிடம் சொன்னேன். திண்ணையில் காவலுக்கு இருந்த இன்னொரு கவுன்சலரின் அருகில் மூவருமாக உட்கார்ந்து கேட்டோம். “உங்கள் ஊரில் இரவில் எந்தப் பறவை கத்தும்?” என்று கேட்டாள். ஆட்காட்டியைப் பற்றிச் சொன்னேன்: வயல்வெளியில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் இருட்டிலும் கத்திக் காட்டிக்கொடுக்கும் பறவை. அதன் குரலை என்னால் முடிந்தவரை செய்து காட்டினேன். அவள் திருப்பிச் செய்தாள். மறுநாள் காலை உணவு மேசையில் ஒன்பது குழந்தைகளும் ஆட்காட்டியாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை ஏழு வாரமும் இருந்தாள்.

குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது என்கிறார்களே, ஏன்?

குழந்தையின் பாதுகாப்புக்காக, உங்கள் பாதுகாப்புக்காகவும். ஒரு பெரியவர், ஒரு குழந்தை, மூடிய அறை என்ற நிலை எப்போதும் வரக்கூடாது. திண்ணைக்கு நான் அந்தச் சிறுமியை அழைத்துப்போனதும் இன்னொருவர் கண்ணெதிரில்தான். நம் ஊரில் கன்னத்தைக் கிள்ளுவோம், மடியில் தூக்கி வைத்துக்கொள்வோம், முத்தமிடுவோம். அங்கே அது கூடாது. தோளில் தட்டலாம், குழந்தையாக வந்து கட்டிக்கொண்டால் பக்கவாட்டில் அணைக்கலாம். ஒரு குழந்தை தன்னை யாரோ துன்புறுத்தியதாகச் சொன்னால் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உடனே இயக்குநரிடம் தெரிவிக்க வேண்டும். பல மாநிலங்களில் அது முகாம் ஊழியர்களின் சட்டக் கடமை.

ஒரு கவுன்சலருக்கு எத்தனை குழந்தைகள் என்பதையும் நேர்காணலில் கேளுங்கள். 1910 இல் தொடங்கிய அமெரிக்கன் கேம்ப் அசோசியேஷன் தங்கும் முகாம்களுக்கு வகுத்திருக்கும் அளவு, 6 முதல் 8 வயது வரை ஆறு குழந்தைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வரை எட்டுக் குழந்தைகளுக்கு ஒருவர். அந்தச் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது நல்ல முகாமுக்கு ஓர் அடையாளம்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், அலுத்துப்போகும். பாஸ்தா, சீஸ் சாண்ட்விச், சாலட், பழம், முட்டை சாப்பிடுபவர்களுக்கு முட்டை. வெறும் தயிர் பெரும்பாலும் இருக்கும்; சோறு இருக்கும் நாள் கொண்டாட்டம். யூதர் முகாம்களில் கோஷர் என்ற அவர்களுடைய மத உணவு விதிப்படி இறைச்சியையும் பாலையும் சேர்த்துப் பரிமாறமாட்டார்கள். அதனால் பால் உணவு நாட்களில் சைவர்களுக்குத் திண்டாட்டமில்லை.

தீமூட்டத்தில் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில் சுட்டு வைத்துக் கொடுக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கிறது. அது விலங்கிலிருந்து எடுப்பது. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொண்டுபோகலாமா என்றால், முதலில் முகாமிடம் கேளுங்கள். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஒரு துளியே உயிருக்கு ஆபத்து. பல முகாம்கள் கடலையை வாசலிலேயே தடுத்துவிடும். நம் பொடிகளிலும் மிக்சரிலும் கடலை இருக்கும். எனக்குப் பயிற்சி வாரத்தில் கற்றுக்கொடுத்த முதல் விஷயங்களில் ஒன்று, ஒவ்வாமை வந்த குழந்தையின் தொடையில் அட்ரினலின் ஊசிப்பேனாவை எப்படி அழுத்துவது என்பது.

என் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்வார்களா?

கேலி இருக்காது, கேள்வி இருக்கும். குழந்தைகள் வேகமாகப் பேசுவார்கள், நமக்கு முதல் வாரம் பாதி புரியாது. ‘மறுபடி சொல்’ என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். உங்கள் பெயரைச் சுருக்கி அமெரிக்கப் பெயராக்கிக்கொள்ளவும் வேண்டாம். தமிழ்ச்செல்வி என்ற பெயரில் வரும் ‘ழ்’ என்னும் ஒலிக்காக ஒரு கேபின் முழுவதும் ஒரு மதியம் நாக்கை மடித்துப் பழகியதைப் பார்த்திருக்கிறேன்.

நம் கலைகள் ஏதாவது பயன்படுமா?

மிகவும். தனித்திறமை என்ற பிரிவில் விண்ணப்பிக்கவும் அது உதவும். சிலம்பம் தெரிந்தவர் அதை எழுதலாம், ஆனால் கம்பு சுற்றுவது முகாமின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதா என்று கேட்க வேண்டும். பல்லாங்குழி, ஐந்தாங்கல், பம்பரம், கோலம், பரதம், சதுரங்கம் எல்லாம் எடுபடும். மழை பெய்து வகுப்புகள் நின்ற ஒரு நாள், நான் புள்ளிக்கோலத்தைச் சுண்ணக்கட்டியால் சாப்பாட்டுக் கூடத்துத் தரையில் போட்டேன். ஐந்து புள்ளி, ஒன்றில் முடிய. புள்ளிகளைத் தொடாமல் ஒரே கோட்டில் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிக்க வேண்டும் என்றதும், பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் கணக்குப் புதிர் போல அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெண் பிள்ளையை நம்பி அனுப்பலாமா?

பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் விமான நிலையம் வரை பேசாமல்தான் வந்தார். பெண்கள் தனிக் கேபினில் தங்குவார்கள். பெண்களுக்கு மட்டுமான முகாம்களும் நிறைய உண்டு. ஸ்பான்சர் ஒரு பொறுப்பான அலுவலரின் தொடர்பைத் தருவார். மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் வரை அது ஈடுசெய்ய வேண்டும் என்பது விதி.

விசா தரும்போது வில்பர்போர்ஸ் சிற்றேடு என்ற உரிமைகள் கையேட்டைக் கொடுப்பார்கள். தூக்கிப் போட்டுவிடாமல் படியுங்கள். உங்கள் பாஸ்போர்ட்டை உங்கள் விருப்பமின்றி யாரும் பிடித்து வைக்க உரிமையில்லை. ஸ்பான்சரே கைவிட்டாலும் வெளியுறவுத் துறையின் ஜே-1 அவசர எண் இருக்கிறது: 1-866-283-9090. இதைக் கைபேசியில் மட்டுமல்லாமல் ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மது அருந்தச் சட்டபூர்வ வயது 21 என்பதையும், விடுப்பு நாளில் யார் அழைத்தாலும் அது மாறாது என்பதையும் மகனுக்கும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.

முகாம் முடிந்ததும் அங்கேயே வேறு வேலை தேடலாமா?

முடியாது. டிஎஸ்-2019 இல் உள்ள முகாமில் மட்டுமே வேலை. முடிந்தபின் 30 நாள் சுற்றிப் பார்க்கலாம், வேலை செய்யக்கூடாது. அந்த 30 நாளில் நயாகராவின் கனடாப் பக்கத்தைப் பார்க்க எல்லை தாண்டிவிட்டால் இதே விசாவில் திரும்பி வர முடியாது. நன்றாக வேலை பார்த்தவர்களை முகாம்கள் அடுத்த ஆண்டும் அழைக்கும். நான் இரண்டாம் முறை போனது அப்படித்தான். அப்போதும் புதிய படிவம், புதிய விசா.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

மெய்ன் போன்ற வட மாநிலங்களில் ஜூன் இரவுகள் குளிரும். ஒரு கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் அவசியம். புல்வெளியில் நடக்க நீளக் காலுறைகள் வேண்டும், ஏனெனில் அங்குள்ள உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். ஒவ்வோர் இரவும் முழங்கால் மடிப்பு, காது மடலுக்குப் பின்புறம், தலைமுடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஐவி என்ற செடியைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும். முதல் நாளே யாரிடமாவது கேட்டு அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். முழு உடலை மறைக்கும் நீச்சல் உடை வேண்டுமென்றால் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

கைபேசியைப் பகலில் பூட்டி வைத்துவிடும் முகாம்கள் உண்டு. அதனால் ஒரு கைக்கடிகாரம், அலாரம் அடிக்கும் சிறு கடிகாரம், நல்ல டார்ச், மாற்றுப் பேட்டரிகள். டார்ச் இரண்டாக இருக்கட்டும். ஒன்றை இரண்டாம் இரவுக்குள் ஏதாவது ஒரு குழந்தை கடன் வாங்கிவிடும்.